அந்தக் குட்டிக்கு இன்னொரு அம்மா தேவையில்லை

“இவனுக்கு எத்தனை அம்மா பாருங்க, கொடுத்து வைச்சவன்” என்று பண்ணையைப் பார்க்க வந்த ஒருவர் சொன்னார். நல்ல மனதோடு சொன்ன வார்த்தைதான். அவர் கையில் பால்புட்டி, அதை இழுத்து இழுத்துக் குடிக்கும் செம்மறிக் குட்டி பொட்டு, பின்னால் தங்கள் முறைக்காகப் போனைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் சிலர். எல்லார் முகத்திலும் சிரிப்பு. நானும் சிரித்துத் தலையாட்டினேன். ஆனால் அந்த வார்த்தை அன்று முழுக்க என்னை விடவில்லை, அப்புறம் பல வாரங்களுக்கும் விடவில்லை. தாயில்லாத செம்மறிக் குட்டியைப் புட்டிப்பால் கொடுத்து வளர்ப்பது பற்றி இன்று எனக்கு இருக்கும் கருத்தெல்லாம் அந்த ஒரு வரியோடு மல்லுக்கட்டியதில் வந்தவைதான்.

துன்பத்திலிருந்து காப்பாற்றிய விலங்குகளை வைத்துப் பராமரிக்கும் எங்கள் மீட்புப் பண்ணைக்குப் பொட்டு ஒரு சாக்கில் சுற்றப்பட்டு வந்தான். ஈன்ற பிறகு தாய் இறந்துவிட்டது என்பது மட்டும்தான் கொண்டுவந்தவர்களுக்குத் தெரியும். எத்தனை மணிக்குப் பிறந்தான், சீம்பால் குடித்தானா என்று கேட்டால் பதில் இல்லை. உடம்பு முழுக்கக் கறுப்பு, நெற்றியில் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி, அதனால்தான் அந்தப் பெயர். அவன் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன். நல்ல நிலையில் இருக்கும் குட்டியின் வாய் உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும், விரல் பட்டதுமே சப்பத் தொடங்கும். இவன் வாய் ஜில்லென்று இருந்தது. நாக்கு அசையவே இல்லை. தெர்மாமீட்டர் 37 டிகிரி செல்சியஸுக்குக் கீழே காட்டியது. செம்மறிக் குட்டிக்கு இயல்பான உடல்சூடு 39-லிருந்து 40 வரை.

இப்படி ஒரு உயிரைக் கையில் வாங்கும் யாருக்கும் பதறிப்போய் இரண்டு காரியம் செய்யத் தோன்றும். ஒன்று, வாயில் பாலை ஊற்றுவது. இன்னொன்று, ஹீட்டர் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பது. இரண்டுமே அந்த நிலையில் இருக்கும் குட்டியைக் கொன்றுவிடக்கூடும். குளிர்ந்துபோன குட்டியால் சரியாக விழுங்க முடியாது, பால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். பிறக்கும்போது அதன் உடம்பில் பழுப்புக் கொழுப்பு என்று கொஞ்சம் சேமிப்பு இருக்கும். முதல் சில மணி நேரம் அதை எரித்துத்தான் அது தன் சூட்டைக் காப்பாற்றிக்கொள்கிறது. பால் கிடைக்காமல் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டால் அந்தச் சேமிப்பு தீர்ந்து, ரத்தத்தில் சர்க்கரையும் அடிமட்டத்துக்குப் போயிருக்கும். அப்போது வெளியிலிருந்து சூடு மட்டும் கொடுத்தால் மூளை விழித்துக்கொண்டு சர்க்கரை கேட்கும், கொடுக்க உடம்பில் எதுவும் இருக்காது, வலிப்பு வந்து குட்டி போய்விடும். கால்நடை மருத்துவர் போனிலேயே சொன்னார்: “முதல்ல குளுக்கோஸ், அப்புறம் சூடு, கடைசியிலதான் பால். வரிசை மாறக் கூடாது.” அவரே வந்து வயிற்றுக்குள் குளுக்கோஸ் ஊசி போட்டார். அதன் பிறகுதான் துண்டில் சுற்றி, வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்தோம். கொப்பூழில் அயோடின் தடவினோம். ரொம்ப நேரம் கழித்து அவன் தலையைத் தூக்கி, பெட்டியின் ஓரத்தில் மோவாயை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தான்.

சீம்பால் விஷயத்தில் மீட்புப் பண்ணைக்கு என்று ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்களில் ஒரு பங்கு கருப்பையிலேயே வந்து சேர்ந்துவிடும். செம்மறியின் நஞ்சுக்கொடி அவற்றை உள்ளே விடாது. குட்டி கிட்டத்தட்ட வெறுங்கையோடுதான் பிறக்கிறது, அதற்குக் கிடைக்கும் பாதுகாப்பு முழுக்கச் சீம்பாலில்தான். அந்தப் புரதங்களை அப்படியே உள்வாங்கிக்கொள்ளும் சக்தி குட்டியின் குடலுக்கு முதல் ஆறு மணி நேரம் நன்றாக இருக்கும், 24 மணி நேரத்துக்குள் அந்தக் கதவு மூடிவிடும். ஒவ்வொரு வேளைக்கும் கிலோவுக்கு 50 மில்லி, முதல் நாளைக்குள் கிலோவுக்கு 200 மில்லி என்பது கணக்கு. ஆனால் எங்கள் பண்ணையில் இனப்பெருக்கம் கிடையாது. ஈன்ற ஆடே இல்லாத இடத்தில் சீம்பால் எங்கிருந்து வரும்? ஆடு வளர்த்து விற்பவர்களிடம்தான் கேட்க வேண்டும். அவர்கள் தங்கள் ஆடுகளுக்காக உறைய வைத்திருந்ததில் கொஞ்சம் எடுத்துக் கொடுத்தார்கள். எந்தத் தொழிலிலிருந்து விலங்குகளைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்கிறோமோ, அந்தத் தொழிலில் இருப்பவர்களின் தயவில்தான் பொட்டு பிழைத்தான். அவர்களை நினைத்தால் எனக்கு நன்றிதான் மேலோங்குகிறது, இதை எங்கும் சொல்லத் தயங்குவதில்லை. உறைந்த சீம்பாலை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து மெதுவாக உருக்கினோம். சூடு ஏறிப்போனால் எந்தப் புரதத்துக்காக இவ்வளவு பாடுபடுகிறோமோ அதுவே கெட்டுவிடும்.

புட்டி பிடித்த நாட்கள்

பிழைத்துக்கொண்ட பிறகு வந்த வாரங்கள் சந்தோஷமானவை. குட்டிக்குப் பால் கொடுக்கும்போது கைக்குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்க வைக்கக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், படங்களில் நிறையப் பேர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். குட்டி நான்கு காலில் நிற்க வேண்டும், கழுத்து கொஞ்சம் மேலே நீண்டிருக்க வேண்டும், தாயின் மடியில் குடிக்கும்போது எப்படி நிற்குமோ அப்படி. சப்பும்போது உணவுக்குழாயின் முடிவில் இருக்கும் ஒரு பள்ளம் குழாய் மாதிரி மூடிக்கொண்டு, பாலை முதல் இரைப்பைக்குள் விடாமல் நேராக நான்காவது இரைப்பைக்கு அனுப்புகிறது. அந்த வயதில் பாலைச் செரிக்கத் தெரிந்தது அந்த நான்காவது இரைப்பை மட்டும்தான். பால் தவறான அறைக்குள் போனால் அங்கே புளித்து வயிறு உப்பிவிடும். ஒரே வேளையில் நிறையக் கொடுத்தாலும் உப்பசம் வரும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளையாக, இரவிலும் எழுந்து கொடுக்க வேண்டும். குடித்து முடித்ததும் இரண்டு கைகளாலும் விலாவைத் தடவிப் பார்ப்பேன். பக்கம் நேராக, நிறைந்தாற்போல் இருந்தால் போதும். உருண்டு விம்மிக்கொண்டிருந்தால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம். செம்மறிப் பாலில் கொழுப்பு ஆறேழு சதவீதம் இருக்கும், பசும்பாலில் நான்கை ஒட்டித்தான். அதனால் சீம்பால் நாட்கள் முடிந்ததும் செம்மறிக் குட்டிகளுக்கென்றே வரும் பால்பவுடருக்கு மாறினோம்.

பால் சரியாக இறங்குகிறது என்பதை வாலே சொல்லிவிடும். நிப்பிள் வாயில் பொருந்திய அடுத்த நொடி பொட்டுவின் வால் துடிக்கத் தொடங்கும், பால் நின்றால் வாலும் நின்றுவிடும். நடு நடுவே முன்னங்கால்களை மடக்கி, தலையால் புட்டியை மேல்நோக்கி ஒரு இடி இடிப்பான். தாயின் மடியை இடித்தால் பால் சுரக்கும் என்பது அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரியும். புட்டியை இடித்தால் எதுவும் சுரக்காது, ஆனாலும் இடிப்பான். அந்த இடியை என் உள்ளங்கையில் வாங்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். இறந்துபோன அந்த ஆட்டுக்குச் சேர வேண்டியது அது.

அவன் என் காலடிச் சத்தத்தை அறிந்தான். நான் அறைக்கு வெளியே போனால் கத்துவான், திரும்பி வந்தால் நிறுத்துவான். மடியில் ஏறிப் படுத்துக் கழுத்தை என் முழங்கையில் சாய்த்துத் தூங்குவான். அவனுக்காக நான் எதையும் செய்திருப்பேன். இந்தக் கட்டத்தில்தான் பண்ணைக்கு வருகிறவர்களுக்கு அவனைப் பிடித்துப்போனது, புட்டிக்கு வரிசை உருவானது, எத்தனை அம்மா என்ற அந்த வார்த்தையும் வந்தது.

நெற்றியில் இருந்த புள்ளி

எனக்கு ஏன் உறுத்தியது என்பதை முதலில் அவனுடைய நெற்றியிலிருந்துதான் புரிந்துகொண்டேன். அந்த வெள்ளைப் புள்ளியைப் பார்க்கும் யாருக்கும் விரலால் தொடத் தோன்றும். குழந்தைகள் தடவுவார்கள், பெரியவர்கள் உள்ளங்கையை வைத்து லேசாக அழுத்துவார்கள், அவன் பதிலுக்குத் தலையைக் குனிந்து தள்ளுவான், எல்லாரும் சிரிப்பார்கள். மூன்று கிலோ குட்டி தள்ளினால் விளையாட்டு. ஆனால் நெற்றியை அழுத்துவது செம்மறிக்கு மோத வா என்று கூப்பிடுவது மாதிரி. தன் இனத்தோடு சேராமல் மனிதர்களிடமே வளர்ந்த கிடாவுக்கு மனிதன் மேல் பயம் இருக்காது, வளர்ந்த பிறகு யாரோடு மோத வேண்டும் என்பதிலும் குழப்பம் வந்துவிடும். புட்டிப்பாலில் செல்லமாக வளர்ந்து, பருவம் வந்ததும் வளர்த்தவரையே முட்டித் தள்ளிய கிடாக்களைப் பற்றி ஆடு வளர்ப்பவர்கள் எல்லாருமே சொல்வார்கள். பெரிய கிடா ஓடிவந்து முட்டினால் மனிதக் கால் எலும்பு முறியும். அந்தக் கிடாவின் முடிவும் நல்லபடியாக இருக்காது. எங்கள் பண்ணையில் ஆண் குட்டிகளுக்கு மருத்துவர் வலி தெரியாமல் மருந்து கொடுத்து, சின்ன வயதிலேயே ஆண்மை நீக்கம் செய்துவிடுவார், அதனால் ஆபத்து பெருமளவு குறைகிறது. முழுக்கப் போய்விடுவதில்லை.

பண்ணையில் மந்தையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஒருவர் இருக்கிறார். சிறு வயதிலிருந்தே ஆடுகளோடு இருப்பவர், அதிகம் பேசமாட்டார். பொட்டுவை நான் மடியில் வைத்திருந்த ஒரு மாலை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “தம்பி, இவன் ஆட்டைப் பார்த்து எத்தனை நாளாச்சு?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து அவன் உயிரோடு இருக்கும் இன்னொரு ஆட்டைக் கிட்டத்தில் பார்த்ததே இல்லை. நோய் தொற்றக் கூடாது என்று முதலில் தனியாக வைத்திருந்தோம். அது சரிதான். அதன் பிறகும் தனியாகவே இருந்தான், ஏனென்றால் எங்கள் எல்லாருக்கும் அவன் அறையில் இருப்பது பிடித்திருந்தது.

அந்தக் கேள்விக்குப் பிறகு நான் தேடித் தேடிப் படித்தேன். செம்மறியை மந்தபுத்தி என்று நினைப்பவர்கள் கீத் கென்ட்ரிக்கும் அவருடைய சகாக்களும் 2001-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு செம்மறியால் மற்ற 50 ஆடுகளின் முகங்களைத் தனித்தனியாக இனம் பிரித்து, இரண்டு வருடங்களுக்கு மேல் நினைவு வைத்திருக்க முடிகிறது. 2017-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வில், தங்களைப் பராமரிப்பவரின் முகத்தைப் புகைப்படத்தில் பார்த்தே செம்மறிகள் கண்டுகொண்டன. ஆக, பொட்டுவுக்கு என்னைத் தெரியும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் என்னை உலுக்கியது 2004-ல் வந்த வேறொரு ஆய்வு. தனியாக அடைக்கப்பட்ட செம்மறி பதறும், கத்தும், இதயத் துடிப்பு ஏறும், மன அழுத்த ஹார்மோன்கள் கூடும். அப்படிப்பட்ட ஆட்டின் முன்னால் இன்னொரு செம்மறியின் முகப் படத்தைக் காட்டினார்கள். வெறும் படம். பதற்றம் குறைந்தது. வெள்ளாட்டின் முகத்தையோ வெறும் முக்கோணத்தையோ காட்டியபோது அந்த அளவுக்குக் குறையவில்லை.

ஒரு படத்துக்கே இவ்வளவு செய்ய முடிகிறது என்றால், நாங்கள் மாறி மாறி மடியில் வைத்துக் கொஞ்சிய அந்தக் குட்டி, எந்த முகங்களைத் தேடிப் பிறந்தானோ அவற்றில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் இருந்தான். நாங்கள் போனதும் அவன் கத்தியதை எங்கள் மேல் இருந்த பாசம் என்று எடுத்துக்கொண்டோம். பாசமும் இருந்திருக்கலாம். தனியாக விடப்பட்ட எந்தச் செம்மறியும் அப்படித்தான் கத்தும் என்பதும் உண்மை.

பட்டிக் கதவு

வேறு ஒரு தாயிடம் விட்டிருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ஆடு வளர்ப்பவர்கள் அப்படித்தான் செய்வார்கள், குட்டியை இழந்த ஆட்டிடம், இறந்த குட்டியின் தோலைப் போர்த்தியாவது சேர்த்துவிடுவார்கள். ஈன்ற முதல் சில மணி நேரத்தில்தான் தாய் ஆடு வாசனையை வைத்துத் தன் குட்டி எது என்று முடிவு செய்கிறது, அதற்குப் பிறகு வரும் அந்நியக் குட்டியை முட்டித் தள்ளிவிடும். எங்களிடம் ஈன்ற ஆடும் இல்லை, பால் கொடுக்கும் ஆடும் இல்லை. இருந்தது ஒரு மந்தை, எல்லாம் வயது வந்த ஆடுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு துன்பத்திலிருந்து வந்தவை. அவற்றின் பட்டியை ஒட்டிக் கம்பிவலை அடித்து, பொட்டுவை முதலில் வலைக்கு இந்தப் பக்கம் விட்டோம். மூக்கும் மூக்கும் உரசிப் பார்த்துக்கொண்டார்கள். மருத்துவர் சரி என்றதும் ஒரு பிற்பகல் கதவைத் திறந்து உள்ளே விட்டோம்.

அவன் நேராகப் போய்க் கிட்டத்தில் இருந்த பெட்டை ஆட்டின் தொடைக்கு அடியில் தலையை நுழைத்தான். வாழ்நாளில் மடியையே பார்க்காதவன் காம்பு எங்கே இருக்கும் என்று மிகச் சரியாக அங்கே போனான். அந்த ஆடு திரும்பி அவன் வாலடியை முகர்ந்து பார்த்துவிட்டு, தலையைத் தாழ்த்தி விலாவில் ஒரு முட்டு முட்டியது. புழுதியில் உருண்டு எழுந்தான். அடுத்த ஆட்டிடம் போனான், அதுவும் முட்டியது. அதற்கடுத்ததும். அவனை வாழ்க்கையில் யாரும் தள்ளியதில்லை, அதுவரை அவன் யாரிடம் ஓடினாலும் இரண்டு கைகள் விரிந்திருக்கின்றன. அலறிக்கொண்டு கதவுக்கு ஓடிவந்தான். கம்பிகளுக்கு நடுவே மூக்கை நீட்டி என்னைப் பார்த்துக் கத்தினான், உதட்டின் உட்புறத்து இளஞ்சிவப்பும் புழுதி ஒட்டிய நாக்கும் எனக்குத் தெரிந்தன. என் கை தாழ்ப்பாளில் இருந்தது.

தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்த அக்கா அங்கிருந்தே சொன்னார்: “தூக்காதீங்க தம்பி. அடி ஒண்ணும் படலை. அது கோபத்துல முட்டலை, நீ யாரு எவருன்னு கேக்குது. அவன் பதில் சொல்லிப் பழகட்டும்.”

நான் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்கவில்லை, திறக்கவும் இல்லை. அப்படியே நின்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு குட்டி உங்களைப் பார்த்து உதவி கேட்கும்போது அதைச் செய்யாமல் நிற்பது உடம்புக்கே வலிக்கும் காரியம், இதைச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது ஒன்றுதான்: இப்போது நான் அவனைத் தூக்கினால் அது யாருக்காக? அவன் கத்தல் நின்றால் எனக்கு நிம்மதி. அவனுக்கோ நாளை மறுபடி இதே பட்டி, இதே முட்டு, ஆனால் இன்னும் கொஞ்சம் பெரிய உடம்போடு, இன்னும் கொஞ்சம் அதிகமாக என் மேல் சாய்ந்த மனதோடு.

அப்புறம் மந்தை நகர்ந்தது. வெயில் சாய்ந்ததால் ஆடுகள் எழுந்து, மரநிழல் நகர்ந்த பக்கமாக ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. பொட்டு கத்தலை நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். கதவுக்குப் பக்கத்தில் தான் மட்டும் நிற்பது அவனுக்குத் தெரிந்தது. என்னை ஒருமுறை, அவற்றை ஒருமுறை பார்த்தான். பின்னால் ஓடினான். ஆனால் இந்த முறை யார் தொடைக்கு அடியிலும் நுழையவில்லை. கடைசியில் போன ஆட்டுக்கு இரண்டு உடல் தூரம் பின்னால் நின்றுகொண்டான். அது நடந்தால் நடந்தான், நின்றால் நின்றான். அந்த இரண்டு உடல் தூரத்தைப் பார்த்தபோது எனக்குள் ஏதோ தெளிந்தது. யாரிடம் எவ்வளவு நெருங்கலாம், யார் தலையைத் தாழ்த்தினால் விலக வேண்டும், யார் பக்கத்தில் படுக்கலாம் என்பதெல்லாம் சேர்ந்ததுதான் ஒரு ஆட்டின் நாள். எங்களிடம் அவனுக்குத் தூரம் என்ற ஒன்றே இருந்ததில்லை. எத்தனை பேர் எவ்வளவு கொஞ்சியும் அதை எங்களால் அவனுக்குக் கொடுத்திருக்கவே முடியாது. முரட்டு ஆடுகள் மூன்று முட்டில் கொடுத்துவிட்டன.

மந்தையில் பாட்டி என்று நாங்கள் கூப்பிடும் கிழட்டு ஆடு ஒன்று உண்டு, பல் தேய்ந்து, ஒரு கால் தாங்கி நடக்கும். அவள் மட்டும் அவனை முட்டவில்லை. கொஞ்ச நாளில் அவளோடு ஒட்டிக்கொண்டான். அவளிடம் பால் இல்லை என்பதைப் புரிந்துகொண்டு கேட்பதையும் விட்டுவிட்டான். பாலை நாங்கள் நிறுத்தவில்லை, கொடுக்கும் விதத்தை மாற்றினோம். வேலியில் நிப்பிள் பொருத்திய வாளியை மாட்டிவிட்டு வேளாவேளைக்கு நிரப்புவோம், குடித்துவிட்டு அவன் மந்தைக்குத் திரும்பிவிடுவான். யாரும் கொஞ்சுவதில்லை.

புட்டியில் அடைக்க முடியாதவை

மந்தைக்குள் போனதால் அவன் மனசு மட்டும் மாறியது என்று நினைக்க வேண்டாம், வயிறும் மாறியது. குட்டி பிறக்கும்போது முதல் இரைப்பை சின்னதாக, வேலையில்லாமல் கிடக்கும். ஓரிரு வாரத்தில் புல்லையும் வைக்கோலையும் கொறிக்கத் தொடங்கும்போதுதான் அது வளரும். அதற்குள் குடியேற வேண்டிய நுண்ணுயிர்களில் புரோட்டோசோவா வகையைச் சேர்ந்தவை காற்றிலோ தண்ணீரிலோ வந்துவிடுவதில்லை, அசைபோடும் மற்ற விலங்குகளின் எச்சிலிலிருந்து, நெருங்கிப் பழகுவதால்தான் வருகின்றன. பெரிய ஆடுகளைவிட்டுப் பிரித்து வளர்க்கப்பட்ட குட்டிகளின் இரைப்பையில் அவை இருப்பதில்லை. பாட்டி மென்றுவிட்டுப் போட்ட ஈரமான வைக்கோலைப் பொட்டு எடுத்துக் கடிக்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். நாங்கள் கொதிக்க வைத்துக் கழுவிய புட்டியிலிருந்து வர முடியாத ஒன்று அந்த வைக்கோலில் இருந்தது.

எதைத் தின்னலாம் என்பதும் அப்படித்தான். அமெரிக்காவின் யூட்டா மாகாணப் பல்கலைக்கழகத்தில் ஃபிரெட் புரோவென்சா பல பத்தாண்டுகளாகச் செய்த ஆய்வுகள், குட்டிகள் எந்தச் செடியைத் தின்ன வேண்டும், எதை விட வேண்டும் என்பதைப் பெருமளவு தாயைப் பார்த்துத்தான் கற்கின்றன என்று காட்டின. பாட்டி ஒரு செடியைத் தாண்டிப் போனால் பொட்டுவும் தாண்டிப் போனான். ஒரு நாள் நிழலில் அவளுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, தாடையைப் பக்கவாட்டில் அசைத்துக்கொண்டிருந்தான். தொண்டைக்குழியில் ஒரு உருண்டை மேலே ஏறியது, மென்றான், கீழே இறங்கியது, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று ஏறியது. அவன் அசைபோட்டதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பால் மறக்கடிக்க ஆறு வாரமாவது ஆக வேண்டும், தினமும் போதுமான அளவு தீவனம் தின்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நாங்கள் அதற்கும் சில வாரம் தள்ளி, படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம்.

வரிசையில் நின்றவர்களிடம்

இப்போது எங்கள் பண்ணையில் பார்வையாளர்கள் குட்டிகளுக்குப் புட்டி கொடுப்பதில்லை. இதை நான் வற்புறுத்திக் கொண்டுவந்தேன், இதற்கு எதிர்ப்பும் இருந்தது. எதிர்த்தவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மீட்புப் பண்ணை நன்கொடையில் ஓடுகிறது. ஒரு குழந்தை ஆட்டுக்குட்டிக்குப் பால் கொடுக்கும் படத்தால் பத்து ஆடுகளுக்குத் தீவனம் வரும். புட்டி பிடித்த கை பிறகு எந்த விலங்கையும் பழைய மாதிரி பார்க்காது என்றும் சொன்னார்கள். அதுவும் உண்மைதான், என் கை அதற்குச் சாட்சி. ஆனாலும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. உடல்நலக் காரணமே போதும்: குட்டிகளின் கழிச்சலில் இருக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி மனிதர்களுக்கும், முக்கியமாகச் சின்னக் குழந்தைகளுக்கும் தொற்றும். வாயைச் சுற்றிப் புண் வரவைக்கும் ஓர்ஃப் வைரஸும் கைக்கு ஒட்டிக்கொள்ளும். ஈன்ற ஆடுகள், புதுக் குட்டிகள் பக்கம் கர்ப்பிணிகள் வரவே கூடாது. இவற்றையெல்லாம் தாண்டி என் பெரிய காரணம், அந்த வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரும் குட்டிக்குச் சொல்லிக் கொடுப்பது ஒரே பாடம், உணவும் ஆறுதலும் மனிதரிடமிருந்துதான் வரும் என்பது. செம்மறி பத்துப் பன்னிரண்டு வருடம் வாழும். புட்டி சில வாரக் கதை. மிச்ச வருடங்களை அது ஆடுகளோடுதான் கழிக்க வேண்டும்.

ஃபார்ம் சாங்க்சுவரி என்ற அமெரிக்க விலங்கு மீட்பு அமைப்பின் தொடக்கக் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 1986-ல் பென்சில்வேனியாவில் ஒரு கால்நடைச் சந்தையின் பின்பக்கம், செத்த விலங்குகளின் குவியலில் உயிரோடு கிடந்த ஹில்டா என்ற செம்மறியை அவர்கள் தூக்கி வந்தார்கள். அந்தக் குவியலிலிருந்து தூக்கியதைத்தான் எல்லாரும் சொல்வோம், நானும் சொல்வேன். அதற்குப் பிறகு ஹில்டா பத்து வருடத்துக்கு மேல் வாழ்ந்தாள். மீட்பு என்று நான் இப்போது நினைப்பது பெரும்பாலும் அந்தப் பத்து வருடத்தைத்தான்.

அதற்காக மனிதக் கையே படக் கூடாது என்று சொல்லவில்லை. மனிதரைக் கண்டு மிரளாத ஆட்டுக்குக் குளம்பு வெட்டுவது சுலபம், ஊசி போடுவது சுலபம். வலியை மறைத்துக்கொள்ளும் விலங்கு அது, கிட்டே போய்த் தொட்டுப் பார்க்க விட்டால்தான் நோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்க முடியும். பொட்டு இன்றும் என்னைக் கண்டால் வருவான், கழுத்துக்கு அடியில் சொறியச் சொல்லி நிற்பான். நெற்றியை யாரும் தொடுவதில்லை, புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு முதலில் சொல்வது அதைத்தான். மந்தை நகர்ந்தால் சொறிவதைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விடுவான்.

இதைப் படிப்பவர்களில் யாராவது இப்போது வீட்டிலோ பண்ணையிலோ ஒற்றைக் குட்டியை வளர்த்துக்கொண்டிருந்தால், ஒரு வேண்டுகோள். பெரியதாகட்டும் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப் போடாமல் இந்த வாரமே இன்னொரு குட்டியைத் தேடுங்கள். கால்நடை மருத்துவரிடம் சொல்லி வையுங்கள், ஆடு வளர்ப்பவர்களிடம் கேளுங்கள், அவர்களிடம் மூன்று குட்டி ஈன்ற ஆடு இருக்கும், அதற்குக் காம்பு இரண்டுதான், மூன்றாவதைச் சமாளிக்க முடியாமல் இருப்பார்கள். பக்கத்து மீட்புப் பண்ணையில் இன்னொரு ஒற்றைக் குட்டி இருந்தால் இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்துவிடுங்கள், உங்களுடையதை நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தாலும் சரி. செம்மறி கிடைக்கவே இல்லை என்றால் வெள்ளாட்டுக் குட்டியாவது கூட இருக்கட்டும், தீவனத்தை மட்டும் தனித்தனியாக வையுங்கள். வெள்ளாட்டுக்கும் மாட்டுக்கும் வரும் தீவனக் கலவைகளில் சேர்க்கும் தாமிரம் செம்மறிக்கு விஷமாகிவிடும்.